மாடு விழுங்கிய கம்பி சாணத்தில் வராது

வீட்டில் சிறு பிள்ளை விளையாட்டாக ஒரு ரூபாய்க் காசை விழுங்கிவிட்டால் வீடே பதறிப்போகும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, காசு இரைப்பைக்குள் இறங்கிவிட்டது என்றால், சில நாட்களில் மலத்தோடு போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிடுவார். பெரும்பாலும் அப்படியே போய்விடும். கைக்கடிகாரத்திலும் விளையாட்டுப் பொம்மையிலும் இருக்கும் வட்ட பாட்டரி, கூரான ஊசி, ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத் துண்டுகள் ஆகியவைதான் இதற்கு விலக்கு. வட்ட பாட்டரி உணவுக்குழாயில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடத்தை அரித்துவிடும். அதற்கு ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. மற்றபடி மனிதனின் இரைப்பை ஒரே பை. மேலே போனது கீழே போய்த்தான் ஆகவேண்டும்.

இந்த அனுபவம்தான் மாடு வளர்ப்போரை ஏமாற்றிவிடுகிறது. பிள்ளைக்குப் போனது மாட்டுக்கும் போகாதா என்று இரண்டு நாள் சாணத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராததால் மாடு எதையும் விழுங்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கர்நாடகத்தில் சிர்சி வட்டாரத்தில் 2021-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டிக் கோபூஜை செய்த ஒரு குடும்பத்தின் 20 கிராம் தங்கச் சங்கிலி பூவோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது. அவர்கள் ஏறத்தாழ ஒரு மாதம் சாணத்தைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் உலோகத்தைக் காட்டும் கருவியை வைத்துப் பார்த்து, கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்துதான் சங்கிலியை எடுத்தார். தங்கச் சங்கிலிக்குக் கூர் இல்லை, மாடு பிழைத்தது. அதே இடத்தில் இரண்டு அங்குலக் கம்பித் துண்டு இருந்திருந்தால் ஒரு மாதம் காத்திருக்க முடிந்திருக்காது.

வயிற்றில் ஒரு பொறி

மாடு மேலுதட்டால் பொறுக்கித் தின்கிற பிராணி அல்ல. நாக்கை நீட்டி வளைத்து, ஒரு பிடி வைக்கோலை அப்படியே வாரி, இரண்டு மென்று மென்று விழுங்கிவிடும். பிறகு சாவகாசமாகப் படுத்து அசை போடலாம் என்பது அதன் கணக்கு. வெள்ளாடு உதட்டால் தடவி, இலை இலையாகப் பார்த்துத் தின்னும். அதனால்தான் ஆட்டுக்கு இந்த நோய் வருவது அபூர்வம். பசுவுக்கும் எருமைக்கும்தான் இது அதிகம்.

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் அறையான பெருவயிறு ஒரு பெரிய கலப்பின மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்கு முன்புறம், சற்றே தாழ்வாக, சிறிய பை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் உட்சுவர் தேன்கூடு போல அறை அறையாக இருக்கும். இதை வலைப்பை என்று சொல்லலாம். தீனியோடு போகும் ஆணி, கம்பி, கல் போன்ற கனமான பொருள்கள் எல்லாம் இந்தப் பள்ளத்தில் வந்து விழுகின்றன. அசை போடும்போது தீனி மேலே வரும், கனமான இரும்பு வராது. பின்னால் இருக்கும் மூன்றாவது அறைக்குப் போகும் வழியோ, நன்றாக அரைபட்ட கூழை மட்டும் விடும் சல்லடை போன்றது. அந்த வழியாகவும் இரும்பு போக முடியாது. ஆக, மாடு தின்ற ஆணி மாட்டின் ஆயுள் முழுவதும் அங்கேயே கிடக்கும்.

கிடப்பதால் மட்டும் கேடில்லை. மொண்ணையான திருகு, நட்டு, காசு, கூழாங்கல் ஆகியவற்றை வயிற்றில் வைத்துக்கொண்டே பத்து ஈற்று ஈன்ற மாடுகளும் உண்டு. கூரான பொருள்தான் ஆபத்து. வலைப்பை சும்மா இருக்கும் பை அல்ல. ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை இறுகச் சுருங்கி விரியும். அப்படியானால் ஒரு நாளைக்கு ஆயிரம் முறைக்கு மேல். ஒவ்வொரு சுருக்கத்திலும் கம்பியின் முனை தேன்கூட்டுச் சுவரில் குத்தும். ஒரு நாள் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே தலைகாட்டும். வலைப்பைக்கு முன்னால் இருப்பது உதரவிதானம் என்ற மெல்லிய திரை. அந்தத் திரைக்கு அப்பால், நான்கு விரற்கடை தூரத்தில், இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது.

நிறைசினை மாடுகளுக்கு இந்த அபாயம் கூடுதல். கருப்பை பெருத்து பெருவயிற்றை முன்னே தள்ளும். ஈனும்போது மாடு முக்கும். நாள்கணக்கில் அசையாமல் கிடந்த கம்பிகூட அந்த நெருக்குதலில் முன்னே ஏறிவிடும். கன்று போட்ட மறுவாரம் மாடு காரணம் தெரியாமல் மெலிந்து இளைத்தால், ஈற்றுக் கோளாறு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

மாடு சொல்லும் சேதி

கம்பி துளைத்த அன்றே மாடு அதைச் சொல்லிவிடும், கவனிப்பதற்கு ஆள் வேண்டும். முதல் அடையாளம் பாலில் தெரியும். நேற்று மாலை வரை சரியாகக் கறந்த மாடு இன்று காலை திடீரென்று பாதிகூடக் கறக்காது. வேறு நோய்களில் பால் படிப்படியாகக் குறையும். இதில் ஒரே வேளையில் குறையும். கூடவே தீனி எடுக்காது, அசை போடாது. இடது பக்க வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் வழக்கமான அசைவு இருக்காது. உடல் சூடு 103, 104 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறி, ஓரிரு நாளில் இறங்கிவிடும். சூடு இறங்கியதைப் பார்த்து மாடு தேறிவிட்டது என்று நினைப்பவர்கள் பலர்.

நிற்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். முதுகை வில்லாக வளைத்து, முன்னங்கால் முழங்கைகளை உடம்பிலிருந்து விலக்கி நிற்கும். படுக்கத் தயங்கும். படுத்தால் எழத் தயங்கும். மேட்டில் ஏறும், ஆனால் சரிவில் இறங்க மறுக்கும். இறங்கும்போது வயிற்றுப் பொருள் முழுவதும் முன்னே சரிந்து கம்பியை அழுத்துவதுதான் காரணம். சாணம் போடும்போதும் சிறுநீர் விடும்போதும் மெல்ல முனகும். வரப்பு மேட்டில் முன்கால்களை வைத்து, பின்கால்களைப் பள்ளத்தில் வைத்து நிற்கும் மாட்டைச் சோம்பல் என்று தார்க்குச்சியால் குத்துபவர்கள் உண்டு. அது தனக்குத் தானே வைத்தியம் செய்துகொள்கிறது!

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. திமிலுக்குப் பின்னால் முதுகுத் தோலை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து அழுத்தினால், நலமுள்ள மாடு முதுகைக் கீழே தாழ்த்தும். வயிற்றில் கம்பி குத்தியிருக்கும் மாடு தாழ்த்தாது. தாழ்த்தினால் வலிக்கும் என்று அதற்குத் தெரியும். இறுக்கமாக நின்று முனகும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் அடியில் மூங்கிலைக் கொடுத்து இருவர் தூக்கிப் பார்ப்பது இன்னொரு சோதனை. அதைக் கால்நடை மருத்துவர் செய்யட்டும். முரட்டுத்தனமாகத் தூக்கினால் இல்லாத வினையும் வந்துசேரும்.

இந்த நிலையில் விட்டுவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். சில மாடுகளில் துளைத்த இடத்தைச் சுற்றி உடம்பே ஒரு வேலி கட்டிக்கொள்ளும். மாடு ஓரளவு தேறும். ஆனால் பழைய பால் வராது, அடிக்கடி வயிறு உப்பும். மற்ற மாடுகளில் கம்பி இதய உறையைத் தொட்டுவிடும். கம்பியோடு போன கிருமிகளால் உறைக்குள் சீழ் கட்டும். சீழின் நடுவே இதயம் விரிய இடமில்லாமல் திணறும். அப்போது கழுத்தின் இரு பக்கமும் ரத்தக் குழாய் கயிறு போலப் புடைத்துத் தெரியும். தாடைக்கு அடியிலும் அலைதாடியிலும் நீர் கோத்துத் தொங்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். இதைத் தொண்டை அடைப்பான் என்று தவறாக நினைப்பதுண்டு. தொண்டை அடைப்பான் கடுங்காய்ச்சலுடன் வந்து ஓரிரு நாளில் மாட்டைக் கொண்டுபோய்விடும். இந்த வீக்கத்தில் சூடும் வலியும் இராது, நாள்கணக்கில் மெல்லப் பெருகும். இந்தக் கட்டத்துக்கு வந்த மாடு பிழைப்பது அரிது.

மாடு தீனி எடுக்கவில்லை என்றால் கிராமத்தில் முதலில் செய்வது இஞ்சி, மிளகு, ஓமம் இடித்துக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றுவது. சாதாரணச் செரியாமைக்கு இது கேட்கலாம். ஆனால் கம்பி குத்திய வயிற்றுக்கு இது பயன் தராது. எண்ணெய் கொடுத்துப் பேதி ஆக்கினாலும் கம்பி வெளியே வராது. வயிற்றை வேகமாக இயங்க வைக்கும் மருந்துகள் கம்பியை இன்னும் உள்ளே தள்ளவே உதவும். சுருண்டு நிற்கும் மாட்டை ஓட்டி நடக்கவிட்டுப் பார்ப்பதும் கெடுதல். கைவைத்தியத்தில் ஒரு நாள் போனால் போகட்டும். மறுநாளும் பால் திரும்பவில்லை என்றால் கால்நடை மருத்துவரை அழைத்துவிட வேண்டும். மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை ஆம்புலன்சைக் கூப்பிடலாம். அவர் வரும்வரை மாட்டை மண் கொட்டி உயர்த்திய இடத்தில், முன்கால் மேட்டிலும் பின்கால் பள்ளத்திலும் இருக்கும்படி கட்டிவைப்பது நல்லது.

மருத்துவர் செய்வது

துளைத்து மூன்று நாட்களுக்குள் பார்த்துவிட்டால் பல மாடுகள் கத்தி படாமலே தேறுகின்றன. மருத்துவர் கிருமிகளை அடக்க ஊசி போடுவார். வயிற்றுக்குள் காந்தம் செலுத்துவார். முன்கால்கள் 15 முதல் 25 செ.மீ. உயரமாக இருக்கும்படி சாய்வான தரையில் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை மாட்டைக் கட்டிவைக்கச் சொல்வார். மேய்ச்சலும் நடையும் கூடாது. மாடு அசையாமல் இருந்தால்தான் கம்பி பின்வாங்கவும், துளை ஆறவும் வாய்ப்பு உண்டு. ஊசி போட்ட நாட்களிலும் அவர் சொல்லும் காலம் வரையிலும் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. அதில் மருந்து கலந்து வரும்.

இரண்டு மூன்று நாளில் குணம் தெரியவில்லை என்றால் அறுவை சிகிச்சைதான். கேட்கப் பயமாக இருந்தாலும் இது புதிய வித்தையல்ல. மாட்டைக் கீழே தள்ளுவதுகூட இல்லை. நின்றபடியே இடது விலாவுக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, தோலையும் பெருவயிற்றையும் திறந்து, தீனியை வாரி வெளியே எடுத்து, மருத்துவர் தோள்வரை கையை உள்ளே விட்டு வலைப்பையின் அறைகளை ஒவ்வொன்றாகத் தடவிக் கம்பியை எடுத்துவிடுவார். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல் கல்லூரியிலும் இதைச் செய்கிறார்கள். வேப்பேரியில் 2019-ல் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்ததும் இப்படிப் பெருவயிற்றைத் திறந்துதான். எந்த அறுவையானாலும் இதய உறையைக் கம்பி தொடுவதற்கு முன்பு செய்தால்தான் பலன்.

கம்பி எங்கிருந்து வருகிறது?

வீடு கட்டும் இடம்தான் முதல் எதிரி. சென்ட்ரிங் வேலையில் கம்பி கட்டுகிறவர்கள் நறுக்கிப் போடும் கட்டுக்கம்பித் துண்டு, மாட்டின் வயிற்றுக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தால் கேட்கவே வேண்டாம். வேலிக்கு முள்கம்பி இழுத்தபோது வெட்டிப் போட்ட நறுக்குகளும் அப்படியே. கொட்டகைக் கூரை வேயும்போது கட்டிய கம்பி துருப்பிடித்து, இற்று, நேராகத் தீவனத் தொட்டியில் விழுவதையும் பார்க்கலாம்.

டயர் இன்னொன்று. போகிப் பண்டிகையன்று பழைய டயர் கொளுத்துவது சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒருபுறம் இருக்க, ரப்பர் எரிந்த பின் அதற்குள் இருந்த எஃகு இழைகள் சாம்பலில் அப்படியே கிடக்கும். சாம்பலை எருக்குழியில் கொட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து மாட்டுப் பொங்கலன்று மாலை போட்டுக் கும்பிடும் மாடு அந்தக் குழி ஓரத்தில்தான் மேயும். ஊறுகாய்ப்புல் குழியை மூடிய தார்ப்பாயின் மேல் பாரத்துக்கு டயர் வைப்பவர்களும் தேய்ந்து கம்பி தெரியும் டயரை வைக்கக் கூடாது.

வீட்டிலிருந்தும் வருகிறது. கழுநீர்த் தொட்டியில் சோற்றுக் கஞ்சியோடு ஊக்கும் கொண்டை ஊசியும் போகின்றன. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் தேய்ந்ததும் அங்கேதான் போய்ச் சேருகிறது. கல்யாணம் முடிந்ததும் பந்தலில் கட்டிய வாழைமரத்தையும் தோரணத்தையும் மாட்டுக்குப் போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் ஆணியும் குண்டூசியும் கம்பியும் எடுத்த பிறகு போட வேண்டும். கடையில் வாங்கிய மாலையைப் பிரித்துப் பார்க்காமல் போடவே கூடாது. கோணி தைத்த ஊசி, மாட்டுக்கே போட்டுவிட்டுக் கொட்டகையில் எறிந்த மருந்து ஊசி என்று பட்டியல் நீளும்.

இரும்பைத் தேடித் தின்னும் மாடுகளும் உண்டு. எலும்பு, கந்தல், மண், கயிறு எதைக் கண்டாலும் மென்றுகொண்டிருக்கும் மாட்டுக்கு மணிச்சத்துக் குறை இருக்கக்கூடும். நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தவிட்டில் கலந்து வைத்து, குடற்புழு மருந்தும் கொடுத்தால் அந்தப் பழக்கம் குறையும்.

ஈயம் தனிக் கதை. டிராக்டரின் பழைய பாட்டரியை உடைத்துக் கொட்டகை ஓரம் போட்டு வைத்தால் மாடு அதை நக்கும், தகட்டையும் விழுங்கும். ஈயம் குத்தாது, நஞ்சாகும். கண் தெரியாமல் சுவரில் முட்டி நிற்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, வலிப்பு ஆகியவை அதன் குணங்கள். கன்றுகள் வெகு சீக்கிரம் மடியும். பாலிலும் ஈயம் இறங்கும் என்பதால் அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்கக் கூடாது.

காந்தம் என்ற காவலாளி

வெளிநாட்டுப் பண்ணைகளில் பல பத்தாண்டுகளாக ஒரு வழியைக் கையாள்கிறார்கள். மூன்று அங்குல நீளம், அரை அங்குலக் கனம், முனை மழுங்கிய உருளைக் காந்தம் ஒன்றை மாத்திரை போல மாட்டின் தொண்டையில் செலுத்திவிடுவது. அதுவும் கனமான பொருள்தானே! ஆணி போய்ச் சேரும் அதே வலைப்பைக்குத் தானும் போய்ச் சேர்ந்து, ஆயுள் முழுவதும் அங்கேயே கிடக்கும். பின்னால் வரும் கம்பியும் ஆணியும் அதன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கூரான முனை சுவரைக் குத்த வழியில்லை. ஒரு வயது கடந்த கிடாரிக்குச் சினைப்படும் முன்பே போட்டுவிடலாம். ஒரு மாட்டுக்கு ஒன்று போதும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். செம்பு, அலுமினியம், தங்கம் ஆகியவை காந்தத்தில் ஒட்டா. ஏற்கெனவே சுவரைத் துளைத்து வெளியே போய்விட்ட கம்பியையும் காந்தம் திரும்ப இழுத்துவராது. பழைய ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை மாட்டுக்குள் போடவே கூடாது. அது உடைந்தால் விளிம்பே கத்தியாகும். அந்தக் காந்தத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. ஒரு கழியின் நுனியில் கட்டி, கொட்டகைத் தரையிலும் வைக்கோல் போரடியிலும், கட்டட வேலை நடந்த இடத்திலும் இழுத்துக்கொண்டு போனால், அரை மணியில் எவ்வளவு இரும்பு ஒட்டுகிறது என்று பார்த்து வியக்கலாம். தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் நறுக்கிய தீவனம் வந்து விழும் வாயிலும் ஒன்றை இறுகப் பொருத்தலாம். வாரம் ஒரு முறை துடைத்துவிட வேண்டும்.

மாட்டுக்குள் போடும் காந்தம் எல்லா ஊர் மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை. கால்நடை மருத்துவரிடம் சொல்லி வரவழைத்து, அவர் கையாலேயே போடச் செய்வது நல்லது. சந்தையில் வாங்கிவந்த மாட்டுக்கு முன்பே காந்தம் போட்டிருக்கிறார்களா என்று அறியவும் வழி உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் திசைகாட்டியை, இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் நெஞ்சின் அடிப்பக்கமாகக் கொண்டுபோனால், உள்ளே காந்தம் இருக்கும் மாட்டுக்கு முள் வடக்கைவிட்டு மாட்டின் பக்கம் திரும்பும்.